விரல் பட்டால் அழியும் நீலம்

நிழல் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஹோஸ்டா என்னும் செடி ஒரு வரம். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகள்தான் இதன் தாயகம். ஜெர்மனியில் கியோர்க் ஆரெண்ட்ஸ் 1905-இல் உருவாக்கிய ‘எலகன்ஸ்’ என்ற ரகம், பெரிய நீல ஹோஸ்டாக்களில் இன்றும் தலையானது. முற்றிய செடி ஒரு மீட்டருக்கும் மேல் அகலமாகப் படரும். இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவில், தடித்து, மேடுபள்ளமாகச் சுருங்கியிருக்கும்.

அந்த இலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் மறைந்து, தேய்த்த இடம் மட்டும் கரும்பச்சையாகத் தெரியும். இலையில் நீல நிறமி என்று எதுவும் கிடையாது. மேலே படிந்திருக்கும் மெல்லிய மெழுகுப் பொடி ஒளியைச் சிதறடிக்கிறது. அடியிலுள்ள பச்சையம் அதனூடே நீலச் சாம்பலாகத் தெரிகிறது. நம் சாம்பல் பூசணியின் மேல் வெண்பொடியாகப் படிந்திருப்பதும் இத்தகைய மெழுகுதான்.

ஆகவே நீல ஹோஸ்டா வளர்ப்பது என்பது மெழுகைக் காப்பதுதான். இளங்காலை வெயில் படலாம். உச்சிவெயிலும் பிற்பகல் வெயிலும் ஆகாது. தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் ஊற்ற வேண்டும். பூச்சிக்கு என்று சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ அடித்தால் பூச்சியோடு நீலமும் போய்விடும். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் கோடை முற்றும்போது இலை பச்சைக்குத் திரும்பத்தான் செய்யும். இழந்த மெழுகு அதே இலையில் பழையபடி படியாது. அடுத்த வசந்தத்தில் வரும் தளிர்களில்தான் மறுபடி நீலம் பார்க்கலாம்.

நிழல் என்றதும் மேப்பிள் மரத்தடியில் நட்டுவிடுகிறார்கள். அதன் மேலோட்டமான வேர்கள் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், ஹோஸ்டா பருக்காது. வேர் ஆழமாக இறங்கும் ஓக் மரத்தடியே நல்லது. தடித்த இலை என்பதால் நத்தைகளின் தொல்லை குறைவு. ஆனால் மான்கள் விடுவதில்லை. முழு உருவம் பெற ஐந்தாண்டுகளுக்கும் மேல் ஆகலாம். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து மண்ணுக்குள் உறங்கினால்தான் இது மறுவசந்தத்தில் வலுவாகத் துளிர்க்கும். சென்னை, மதுரை வெக்கையில் அந்த உறக்கம் வாய்க்காது. படத்தைப் பார்த்து மயங்கி இணையத்தில் ‘நீல ஹோஸ்டா விதை’ வாங்கிவிடாதீர்கள். விதையில் முளைப்பது தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டொரண்டோவிலோ லண்டனிலோ வசிப்பவர்கள், தெரிந்தவர் தோட்டத்து ஹோஸ்டா நோயில்லாமல் இருந்தால், வசந்தத்தில் தளிர் எட்டிப்பார்க்கும்போது ஒரு தூரைப் பிரித்துத் தரச்சொல்லிக் கேளுங்கள்.