கைக்காகிதமும் வீட்டுத் தையலும்

பின்னலாடைத் தொழிற்சாலையில் பனியன் வெட்டும்போது கீழே விழும் பருத்தித் துண்டுகள் ஆடைக்குப் பயன்படா. ஆயினும் அவற்றைக் கூழாக்கித் தாளாக வார்த்து, அத்தாளை மடித்து நூலால் தைத்தால், பல ஆண்டுகள் நீடித்து உழைக்கும் குறிப்பேடு ஒன்று கிடைக்கிறது. கைக்காகிதத் தொழிலின் பொருளாதாரம் இந்த எளிய மாற்றத்திலேயே அடங்கியுள்ளது. இத்தொழிலுக்கு இரு பகுதிகள் உண்டு. கூழைத் தாளாக்கும் முதற்பகுதி பட்டறையில் நடைபெறுகிறது. தாளைப் பையாகவும் ஏடாகவும் உறையாகவும் ஆக்கும் இரண்டாம் பகுதி பெரும்பாலும் வீடுகளில், பெண்களின் கைகளால் நடைபெறுகிறது. முதற்பகுதியைப் பற்றித் திட்டங்கள் நிறையப் பேசியுள்ளன. இரண்டாம் பகுதியில் உழைப்பவருக்கு உரிய பங்கு சேர்கிறதா என்பதே இன்று ஆராய வேண்டிய கேள்வியாகும்.

தொழிலின் வரலாறு

ஆலைக் காகிதம் பரவுவதற்கு முன் நாட்டின் பல பகுதிகளில் காகிதம் கையாலேயே செய்யப்பட்டது. இத்தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்டோர் ‘காகஸி’ எனப் பெயர் பெற்றனர். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேர் அவர்களது புகழ்பெற்ற மையங்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரக் காகிதத்தின் மலிவான விலைக்கு முன் கைத்தொழில் நிலைகுலைந்தது.

1934 ஆம் ஆண்டில் காந்தியடிகளின் முயற்சியால் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது இத்தொழிலுக்குப் புத்துயிர் கிடைத்தது. அச்சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றிய பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரிற் பிறந்தவர். 1940 இல் புணேயில் கைக்காகித நிலையம் ஏற்பட்டது. 1957 இல் கதர், கிராமத் தொழில் கமிஷன் அமைக்கப்பட்டபின், தொழிலுக்குக் கடனும் பயிற்சியும் கருவிகளும் கிடைக்க வழி பிறந்தது. சாங்கனேரில் இயங்கும் தேசியக் கைக்காகித நிலையம் குமரப்பாவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

தாள் உருவாகும் முறை

மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் கலந்துள்ளது. அதை நீக்காத காகிதம் காலப்போக்கில் மஞ்சள் நிறமடைந்து நொறுங்குகிறது. பருத்தியோ ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். அதன் இழைகளும் நீளமானவை. எனவே மரங்களை வெட்டாமலும், கடுமையான இரசாயனங்களைக் கொண்டு வேகவைக்காமலும் உறுதியான தாள் பெற முடிகிறது.

முதலில் துண்டுகளைத் தரம் பிரிக்கின்றனர். இப்படி மிகவும் முக்கியமானது. பாலியெஸ்டரும், நீண்டு சுருங்கும் செயற்கை இழையும் கலந்த துணிகள் இன்று பெருகிவிட்டன. இவை கூழாகாமல் தாளில் முடிச்சு முடிச்சாக நிற்கும். பிரித்தெடுத்த பருத்தியைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ‘ஹாலண்டர் பீட்டர்’ என்னும் நீள்வட்டத் தொட்டியில் நீருடன் சுழலவிட்டுப் பல மணி நேரம் அரைக்கின்றனர். இழைகளின் மேற்புறம் பிரிந்து மென்மையடைகிறது. உலரும்போது அவை ஒன்றோடொன்று தாமாகவே பிணைந்து கொள்கின்றன. தாளை ஒட்டவைக்கப் பசை தேவையில்லை.

நீர்த்த கூழில் வலைச் சட்டத்தை அமிழ்த்தித் தூக்கினால், நீர் வடிந்து இழைகள் மெல்லிய படலமாக நிற்கின்றன. அப்படலத்தைத் துணியின்மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்துப்பொறியில் நீரைப் பிழிந்து, நிழலில் உலர்த்துகின்றனர். மை ஊறாதிருக்க மாப்பசை முதலியவற்றை ஏற்றி, உருளைகளுக்கிடையே செலுத்தி மெருகிடுவது இறுதிப் படியாகும். படிகாரத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தினால் தாளில் அமிலம் தங்கி அதன் ஆயுள் குறையும். ஆவணங்களுக்கான தாளுக்கு அமிலமற்ற பசையேற்று முறையே ஏற்றது.

இத்தொழிலுக்கு நீர் மிகுதியாகத் தேவை. வடியும் நீரைத் தொட்டியில் தேக்கி மீண்டும் அரைப்புக்குப் பயன்படுத்தினால் செலவும் மாசும் குறையும். சாயம் சேர்த்த கூழின் நீரைத் தூய்மைப்படுத்தாமல் வெளியேற்றினால், இயற்கைக்கு இசைந்த தொழில் என்னும் பெயர் பொருளற்றதாகிவிடும்.

தாளிலிருந்து ஏடு

56 சென்டிமீட்டருக்கு 76 சென்டிமீட்டர் அளவுள்ள தாளை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ளதாயின், ஒரு தாள் ஏறத்தாழ 34 கிராம் நிற்கும். அதை மும்முறை மடித்தால் 8 இதழ்கள், அதாவது 16 பக்கங்கள் கிடைக்கின்றன. ஆறு தாள்களை இவ்வாறு மடித்துச் சேர்த்தால் 96 பக்க ஏடு ஒன்றாகிறது. அதன் எடை சுமார் 200 கிராம். சேதாரத்தைக் கழித்தாலும், ஒரு கிலோ பருத்தித் துண்டிலிருந்து நான்கு ஏடுகளுக்கான தாள் கிடைக்கும்.

மடித்த கட்டுகளின் முதுகில் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய பருத்தி நூலால் ஒவ்வொரு கட்டையும் முந்தைய கட்டுடன் பிணைத்துத் தைக்கின்றனர். பசையால் மட்டும் ஒட்டிய ஏடு விரித்தவுடன் முதுகு விட்டுப்போகும். தைத்த ஏடு மேசைமீது தட்டையாக விரிந்து நிற்கும். வட இந்திய வணிகர்கள் சிவப்புத் துணி அட்டையிட்டு, வெண்ணூலால் தைத்துப் பயன்படுத்திய ‘பஹி’ என்னும் கணக்கேடு இக்கலையின் பழைய வடிவமாகும். 2019 ஜூலை 5 அன்று மத்திய நிதியமைச்சர் வரவு செலவுத் திட்ட ஆவணங்களைத் தோற்பெட்டிக்குப் பதிலாக அத்தகைய சிவப்புத் துணி உறையில் ஏந்தி வந்தது, அம்மரபை மீண்டும் நினைவூட்டியது.

இவ்வேலைக்கு வேண்டிய இடம் ஓர் அறையின் மூலை. கருவிகள் குத்தூசி, கத்தி, அளவுகோல், எளிய அழுத்துப்பலகை ஆகியவை. தையல் இயந்திரம் இருப்பின் துணி அட்டைகளும் பைகளின் கைப்பிடிகளும் தைக்கலாம். ஆகவே சிறு முதலுடன் வீட்டிலேயே தொடங்க ஏற்ற தொழில் இது.

கூலியின் கணக்கு

வீட்டில் செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் உருப்படிக் கூலியே அளிக்கப்படுகிறது. ஓர் ஏட்டைத் தைக்கும் நேரத்தை மட்டும் அளந்து கூலி நிர்ணயிப்பது வழக்கமான பிழை. தாளை வாங்கிவரச் செல்லும் நேரம், மடிப்பதும் துளையிடுவதும், நூலுக்கு மெழுகிடுவது, முடித்த பொருளைக் கொண்டுசேர்ப்பது ஆகியவையும் உழைப்பே. நூல், ஊசி, விளக்கு, வீட்டின் இடம் ஆகியவற்றின் செலவையும் அவளே ஏற்கிறாள். குறையுள்ளதெனத் திருப்பப்படும் உருப்படிக்குக் கூலி கிடைப்பதில்லை. அக்குறை தாளினுடையதா தையலினுடையதா என்று ஆராய்வோரும் அரியர். நியாயமான கூலி வேண்டுமெனில், முழு வேலைநாளில் எத்தனை ஏடுகள் முடிகின்றன என்று கண்டறிந்து, அம்மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியை அந்த எண்ணால் வகுத்து, மேற்கூறிய செலவுகளையும் சேர்த்தல் வேண்டும்.

சட்டமும் இவர்களைத் தாமதமாகவே அறிந்துகொண்டது. வீட்டிலிருந்து உழைப்போர் பற்றிய உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996 இல் நிறைவேற்றியது. இந்தியாவில் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2008 இல் இயற்றப்பட்டபோது, வீட்டிலிருந்து உழைப்போருக்கு அதில் இலக்கணம் வகுக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்குப் பயிற்சியும், 15,000 ரூபாய் வரை கருவி உதவியும், 5 சதவீத வட்டியில் கடனும் வழங்குகிறது. அப்பட்டியலில் தையற்காரர் உண்டு. காகிதம் செய்வோர் தனியே குறிப்பிடப்படவில்லை. ஏடு தைப்பவர் எவ்வகையில் சேர்வார் என்பதை வட்டார அலுவலர்கள் தெளிவுபடுத்தினால் பலர் பயனடைவர்.

சந்தையும் கடமையும்

2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் சில தடை செய்யப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைகளும் விலக்கப்பட்டன. இதனால் காகிதப் பைகளுக்கு வாய்ப்பு விரிந்துள்ளது. எனினும் மளிகைப் பையின் விலையில் ஆலைக் காகிதத்தோடு போட்டியிடுவது கைக்காகிதத்தால் இயலாது. சான்றிதழ், அழைப்பிதழ், ஓவியத்தாள், கோப்பு அட்டை, தைத்த குறிப்பேடு ஆகிய நீடித்த பயனுள்ள பொருள்களே அதற்குரிய களம்.

அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் தமக்கு வேண்டிய கோப்பு அட்டைகளையும் பட்டச் சான்றிதழ்த் தாள்களையும் ஆண்டுதோறும் முறையாக வாங்கினால், தொழிலுக்கு நிலையான அடிப்படை கிடைக்கும். அத்துடன், கொள்முதல் விலையில் தைத்தவரின் கூலி எவ்வளவு என்பதைத் தனியே குறிப்பிடுமாறு கோரலாம். கழிவைப் பொருளாக்குவது பாதிப் பயனே. அப்பொருளை உருவாக்கிய கைகளுக்கு வாழ்வூதியம் சேரும்போதுதான் கிராமத் தொழிலின் நோக்கம் நிறைவேறும்.