கிரகணம் தீர்த்த வழக்கும் தீர்க்காத வழக்கும்

1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்துக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று, அராலிப் பஞ்சாங்கப் பரம்பரையில் வந்த விசுவநாத சாஸ்திரியாருடையது. மற்றது, வட்டுக்கோட்டை செமினரியின் தலைவராயிருந்த அமெரிக்க மிஷனரி டானியல் பூவருடையது. கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், நிலவு மறையும் அளவு மூன்றிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்த வேறுபாட்டைப் பூவர் முன்கூட்டியே ஊரறியச் செய்தார். கிரகணமும் அவர் சொன்னபடியே நிகழ்ந்தது.

விஞ்ஞானத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோனதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் மண்ணில் எனக்குத் தெரியாது. பார்ப்பவர் யாரையும் நம்பத் தேவையில்லை. ஆங்கிலமோ சமஸ்கிருதமோ தெரிந்திருக்கவும் தேவையில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எந்தக் கணக்குச் சரி என்பது விளங்கிவிடும்.

பூவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான் குறை. பஞ்சாங்கம் பிழைத்தால் புராணம் பிழை, புராணம் பிழைத்தால் சைவமும் பிழை என்று வாதத்தை நீட்டினார். நிலவின் மீது விழுந்த நிழல் பஞ்சாங்கக் கணக்கின் பிழையைக் காட்டியது. அதற்கு மேல் எதையும் காட்டவில்லை. சாஸ்திரியார் கணித்த முறையில், புராணம் சொல்லும் நிலவை விழுங்கும் பாம்புக்கு வேலையே இல்லை. கிரகணம் நிழலால் வருவது என்பதை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டு நூலிலேயே சொல்லிவிட்டார். நம் பஞ்சாங்கக் கணிதமும் நிழலைத்தான் கணக்கிட்டது. பழைய வாய்பாடுகளை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டதால் பிழை சேர்ந்தது.

அந்த வாய்பாடுகளின் வலிமைக்கும் சான்று இருக்கிறது. 1760களின் கடைசியில் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல், தமிழ்க் கணிதர்களின் முறையைக் கற்றுச் சோதித்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி பிழைத்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான மாயருடையதோ 68 விநாடி பிழைத்தது! இதை வைத்து முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவதும் பூவர் செய்த அதே பிழை. 1829இல் அதே மரபின் கணக்குத் தவறியதும் உண்மைதானே.

பூவருக்குப் பின் செமினரிக்கு வந்த ஹொய்சிங்டன் வேறு வழியில் போனார். தமிழ் வானியல் நூலையே எடுத்து, மொழிபெயர்ப்பும் விளக்கமும் சேர்த்து 1848இல் அச்சிட்டார். மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறும் இரண வைத்தியமும் பிரசவ வைத்தியமும் தமிழ்ப் புத்தகங்களாக வரச் செய்தார். இவர்களும் மதம் பரப்ப வந்தவர்களே. ஆனாலும் அவர்கள் விட்டுப்போன நூல்களைச் சைவரும் எடுத்துப் படிக்கலாம், பயன்படுத்தலாம். பூவரின் வாதத்தை ஏற்கவோ மறுக்கவோதான் முடியும். ஊர் மறுத்தது. கணக்குப் படிக்க செமினரிக்குப் பிள்ளைகளை அனுப்பிய அதே யாழ்ப்பாணத்தில்தான் 1848இல் ஆறுமுக நாவலர் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் இன்றும் நமக்கு வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் இன்னொன்று. பத்திரிகைகள் இரண்டையும் போடுகின்றன. ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளைக்கு விளக்குபவர்தான் குறைவு. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 என்று பத்தாண்டுக்குள் இரண்டு கங்கண சூரிய கிரகணங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே போயின. இப்படி வாய்ப்பது அரிது. அத்தகைய நாளில் கிரகணத்தின்போதுதான் உலக்கை நிமிர்ந்து நிற்கும் என்று ஒருவர் பகிர்கிறார். சாப்பாட்டில் தர்ப்பை போடும் அப்பாச்சியைப் பார்த்து இன்னொருவர் சிரிக்கிறார். முன்னவருக்கு, மறுநாளும் அதே உலக்கையை நிறுத்திக் காட்டினால் போதும். பின்னவர் செய்வது பெரிய கெடுதல். கேலி செய்யப்பட்டவர் அடுத்த தடவை முற்றத்துக்கே வரமாட்டார்.

விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திர கிரகணத்துக்கு இரண்டு பஞ்சாங்கங்களையும் ஒரு மணிக்கூட்டையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊராரையும், முடிந்தால் பஞ்சாங்கம் கணிப்பவரையும் அழையுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் பிள்ளைகளே பார்த்து எழுதட்டும். எந்தக் கணக்கு எத்தனை நிமிடம் தவறியது என்பதை மறுநாள் கரும்பலகையில் போடுங்கள். யாருடைய சமயத்தையும் அந்தப் பலகைக்கு இழுக்காதீர்கள்.