கனக்கும் கால்களுக்குள் ஒரு கனல்

சுருண்ட ரத்தக் குழாய்க்கு வால்வுப் பழுது மட்டுமே காரணம் என்பது பழைய கதை. காலைப் புண்ணாக்குவதில் ரத்தத்தின் வெள்ளணுக்களுக்கும் பங்கு இருக்கிறது.

மாலை வேளையில் கணுக்கால் கனப்பதில்தான் பெரும்பாலும் ஆரம்பம். செருப்பு வார் அழுந்திய தடம் இரவு வரை மறைவதில்லை. சில வருடங்களில் கெண்டைக்காலில் நீல நிறத்தில் ரத்தக் குழாய் நெளிந்து புடைக்கிறது. பிறகு கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறமாக, தோல் பழுப்பேறுகிறது, அரிக்கிறது, பலகை போல் இறுகுகிறது. கடைசியில் ஒரு நாள், கட்டில் முனை பட்ட சின்னச் சிராய்ப்பு ஆறாமல் புண்ணாகிவிடுகிறது. ஜவுளிக் கடை விற்பனைப் பெண்கள், போக்குவரத்துப் போலீஸார், ஆசிரியர்கள், நர்சுகள், ஓட்டல் சமையல்காரர்கள் என்று நின்றே பிழைப்பவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. எல்லோரும் கடைசிப் படி வரை போவதில்லை. போகிறவர்களில் பலருக்குப் புண் ஆறுவதும் மீண்டும் திறப்பதுமாக வருடங்கள் கழிகின்றன.

பேச்சுத் தமிழ் இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு குழப்புகிறது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். சுருண்டது நரம்பு இல்லை. பிராணவாயுவை இழந்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. பாடப் புத்தகத்தைத் தாண்டி அந்தச் சொல் வரவே இல்லை. ஊசி போட நர்ஸ் தேடுவதும் நமக்கு 'நரம்பு'தான். நரம்புக்குச் சத்து மாத்திரை கேட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

காலிலிருந்து ரத்தம் மேலேறுவது சாதாரணக் காரியமல்ல. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை இருக்கும். நடக்க ஆரம்பித்ததும் கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் மெல்லிய வால்வுகள் அது கீழே இறங்காதபடி மூடிக்கொள்கின்றன. ஆரோக்கியமான காலில் அழுத்தம் 30 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். வால்வு பழுதானால் நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு குறையாது.

சிரை வால்வுகளைப் பற்றி இத்தாலியின் பாதுவா நகரில் ஃபாப்ரிசியஸ் 1603-ல் நூல் வெளியிட்டார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி அந்த வால்வுகளையே சான்றாக வைத்து 1628-ல் ரத்த ஓட்டத்தை நிரூபித்தார். அன்றிலிருந்து வெகு காலம் இந்த நோய் குழாய்ப் பழுதாகவே பார்க்கப்பட்டது. வால்வு கெடுகிறது, ரத்தம் தேங்குகிறது, குழாய் வீங்குகிறது. எனவே கட்டு அல்லது வெட்டு.

ஆனால் ரத்தம் தேங்கினால் தோல் ஏன் அழுக வேண்டும்? தேங்கிய ரத்தத்தில் பிராணவாயு இல்லை என்பது ஒரு பதில். அளந்து பார்த்தபோது அது சரிப்படவில்லை. நுண்குழாய்களைச் சுற்றி ஃபைப்ரின் படிந்து பிராணவாயுவைத் தடுக்கிறது என்று பிரௌஸ், பர்னண்ட் என்ற இரு லண்டன் சர்ஜன்கள் 1982-ல் சொன்னார்கள். படிவது உண்மை. அது அவ்வளவு பெரிய தடையா என்பது சந்தேகத்தில் நின்றது.

திருப்பம் 1988-ல் வந்தது. லண்டன் ஆய்வாளர்கள் செய்த பரிசோதனை எளிமையானது. நோயாளிகளைக் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தார்கள். கணுக்கால் பக்கத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து எண்ணினார்கள். காலுக்குள் போன வெள்ளணுக்களில் கணிசமான பகுதி திரும்பி வரவில்லை. ஆரோக்கியமானவர்களிடம் இந்த இழப்பு மிகக் குறைவு. கிருமியை எதிர்க்கவேண்டிய சிப்பாய்கள் கிருமியே இல்லாத காலில் முகாமிட்டிருந்தார்கள்.

முகாமிட்டவர்கள் சும்மா இருப்பதில்லை. ரத்தம் சீராக வழுக்கி ஓடும்வரை சிரையின் உட்சுவர் அமைதியாக இருக்கிறது. ஓட்டம் தேங்கினால், பின்னோக்கித் திரும்பினால், சுவர் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ள ஏதுவான மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது. ஒட்டியவை சுவருக்குள் புகுந்து, திசுவின் நார்களை அரிக்கும் என்சைம்களைக் கக்குகின்றன. சுவர் தளர்ந்து அகலமாகிறது. வால்வின் இதழ்கள் சுருங்குகின்றன, கிழிகின்றன. மேலும் ரத்தம் கீழே சரிகிறது, அழுத்தம் ஏறுகிறது, சுவர் மேலும் கலவரப்படுகிறது. இதைத்தான் டாக்டர்கள் அழற்சி என்கிறார்கள்.

நுண்குழாய்களிலும் இதே கதைதான். கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து இரும்பு தோலடியில் தங்குகிறது. பழுப்பு நிறம் அந்த இரும்பின் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது. அந்த இரும்பே அழற்சிக்கு எண்ணெய் வார்க்கிறது. தோலடிக் கொழுப்பு தழும்பாக இறுகி, கால் தலைகீழாக நிறுத்திய பாட்டில் போல் ஆகிறது.

கலிபோர்னியாவின் சான் டீகோவில் ஜான் பெர்கனும் ஷ்மிட்-ஷோன்பெய்னும் இடம்பெற்ற குழு 1998-ல் இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. ஆபரேஷனில் அகற்றப்பட்ட சிரைகளை ஆராய்ந்தபோது வால்வுகளிலும் சுவரிலும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் குடியேறியிருந்தன. ஆரோக்கியமான சிரைகளில் அவை இல்லை. அப்படியானால் வால்வு கெட்டதால் அழற்சியா, அழற்சியால் வால்வு கெட்டதா? முதல் பொறி எது என்ற வாதம் தீரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இது ஆய்வுக்கூடச் சண்டையோடு முடிகிற விஷயமல்ல. சிவந்து, சூடாகி, தொட்டால் வலிக்கும் காலைப் பார்த்ததும் கிருமித் தொற்று என்று முடிவுகட்டுவது எளிது. ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. குறையவில்லையா, வேறொன்று. உண்மையில் பல சமயம் அது சிரை அழற்சியின் சிவப்பு. ஜுரம் இல்லாமல் இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் சிவந்திருந்தால் தொற்றைவிட இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொற்றின் அறிகுறி இல்லாத புண்ணை ஆன்டிபயாடிக் ஆற்றுவதில்லை. புண்ணை மட்டும் பார்த்து களிம்பு மாற்றிக்கொண்டிருக்கிற இடத்தில், மேலே உள்ள சிரையை டாப்ளர் ஸ்கேனில் பார்க்க யாருக்கும் தோன்றாமலே போகலாம்.

அழற்சிதான் என்றால் அழற்சி மாத்திரை போதாதா? போதாது. வலி மாத்திரை வலியைக் குறைக்கலாம். அழுத்தம் அப்படியே இருக்கும். ஆரஞ்சு வகைப் பழங்களிலிருந்து கிடைக்கும் சத்துகளைக் கொண்டு தயாராகும் டயோஸ்மின் மாத்திரைகள் வெள்ளணுக்கள் ஒட்டுவதைக் குறைப்பதாகச் சோதனைகள் காட்டின. வீக்கம் சற்று வடிகிறது. ஆனால் நோயாளியின் அன்றாட வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே 2020-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் குழுவின் கணிப்பு.

அழற்சியை அணைக்கும் நம்பகமான வழி அழுத்தத்தை இறக்குவதுதான். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் பிடிக்கும் காலுறை அல்லது கட்டு முதல் மருந்து. போடுவதற்கு முன் பாதத்துக்கு வரும் தமனி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். சர்க்கரை நோய் மலிந்த நாட்டில் இதைத் தவிர்த்தால் காலுக்கே ஆபத்து. சென்னைக் கோடையில் அந்தக் காலுறையை எட்டு மணி நேரம் போட்டிருப்பது தண்டனை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது, ரத்தம் சரியும் சிரையை லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் அடைத்துவிடுவது. புண் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்பதுதான் முன்பு வழக்கம். பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. எல்லோருக்கும் கட்டு உண்டு. ஆனால் இரண்டு வாரத்துக்குள் சிரையை அடைத்தவர்களில் பாதிப்பேருக்கு 56 நாட்களில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு அது 82 நாள். காத்திருப்பதில் லாபமில்லை.

இத்தனைக்கும் முன்னால் இருப்பது நிற்கும் வேலை. 2000-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், வேலை நேரத்தில் பெரும்பாலும் நிற்கும் ஆண்கள் சுருள் சிரைக்காக ஆஸ்பத்திரிக்கு வரும் அபாயம் மற்றவர்களைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெண்களுக்கு இரண்டரை மடங்குக்கும் மேல்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அங்கே தையல் வேலை செய்த பி. விஜி 2009-ல் தொடங்கிய 'பெண்கூட்டு' முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்கார உரிமை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது கடைகளின் எழுதப்படாத சட்டமாக இருந்தது. 2018-ல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் தன்னுடைய 1947-ம் வருடச் சட்டத்தைத் திருத்தி அதே வழியில் போனது.

நாற்காலி வந்தாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. 1988 பரிசோதனையில் வெள்ளணுக்கள் சிக்கிக்கொண்டது நின்ற கால்களில் அல்ல, உட்கார்ந்து தொங்கவிட்ட கால்களில். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் கெண்டைக்கால் தசை வேலை செய்வதில்லை. டாக்டர்கள் சொல்வது அவ்வப்போது நான்கு எட்டு நடை, நிற்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்குவது, வீட்டுக்குப் போனதும் காலை இதயத்தைவிட உயரத்தில் வைத்து அரை மணி நேரம் படுப்பது. இந்தக் கடைசி யோசனையை, எட்டு மணிக்குக் கடை அடைத்து, பஸ் பிடித்து, ஒன்பதரைக்குச் சோறு வடிக்கப் போகும் பெண்ணிடம் சொல்லும்போது அவர் சிரித்தால் ஆச்சரியமில்லை.