பாலத்தின் கீழே நம் ஊர்த் தண்ணீர்

ஒரகடம் பகுதியில் வாழும் நீங்கள், ஒரு விடுமுறை நாளில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேருந்தில் படப்பை வழியாகத் தாம்பரம் செல்கிறீர்கள். அங்கிருந்து மின்சார ரயில். வண்டி கிண்டியை விட்டுக் கிளம்பியதும் சக்கரங்களின் ஓசை சற்றே மாறுகிறது. கீழே ஓர் ஆறு. அதைக் கடந்ததும் சைதாப்பேட்டை வந்துவிடுகிறது.

அந்த ஆறுதான் அடையாறு. பாலத்தின் கீழே ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நீங்கள் புறப்பட்டு வந்த அதே பக்கத்திலிருந்துதான்!

மலையில் பிறக்காத ஆறு

காவிரி குடகு மலையில் பிறக்கிறது. தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறது. அடையாற்றுக்கு ஏரிகளே தாய்வீடு. மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஊர்களின் ஏரிகள் நிறைந்ததும், கலங்கல் வழியே வழியும் உபரிநீர் ஒன்றுகூடி ஆறாகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீரோ செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி நிறைந்தால் அதன் உபரிநீரும் திருநீர்மலை அருகே அடையாற்றில் வந்து சேர்கிறது. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி, சென்னையில் வங்கக் கடலில் கலக்கிறது இந்த ஆறு.

சைதாப்பேட்டையில் இதைக் கடப்பது ஒரு காலத்தில் எளிதாக இல்லை. 1726ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், தம் சொந்தப் பணத்தில் இங்கே ஒரு பாலம் கட்டினார். அதற்கு மர்மலாங் பாலம் என்று பெயர். மாம்பலம் என்னும் ஊர்ப் பெயரே ஐரோப்பியர் நாவில் அப்படித் திரிந்தது. அந்தப் பழைய பாலத்துக்குப் பதிலாக 1966இல் எழுந்ததே இன்றைய மறைமலை அடிகள் பாலம்.

ஏரி செய்யும் வேலை

ஏரி என்றால் பாசனத்துக்கு நீர் தேக்கும் இடம் என்றுதான் நினைக்கிறோம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பெருமழை பெய்யும்போது ஓடிவரும் நீரைப் பிடித்து நிறுத்தி, காலம் தாழ்த்தி அனுப்புவதுதான் அது. ஓர் ஏரி நிறைந்த பிறகே அடுத்த ஏரிக்கு நீர் போகும். சங்கிலி போல் இணைந்த ஏரிகளில், மேலே பெய்த மழை கீழே வந்து சேர நாட்கணக்கில் ஆகலாம். மொத்த நீரின் அளவு மிகக் குறையாவிட்டாலும், ஒரே நேரத்தில் வந்து மோதும் அளவு குறைகிறது. பாலத்தின் கீழே நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பது, ஒரு விநாடிக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பதைப் பொறுத்தது அல்லவா?

ஏரிக்கரை உடைந்தாலும், வரத்துக்கால்வாய் தூர்ந்தாலும், ஏரியின் உள்வாயில் கட்டடம் எழுந்தாலும் இந்த ஏற்பாடு சீர்குலைகிறது.

2015 கற்பித்த பாடம்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். அப்படியானால் விநாடிக்கு ஏறக்குறைய 8 லட்சம் லிட்டர்! சைதாப்பேட்டையில் வெள்ளம் பாலத்தின் மட்டத்தை எட்ட, போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

எல்லாம் செம்பரம்பாக்கம் நீர்தானா? முடிச்சூரும் வரதராஜபுரமும் அன்று மூழ்கின. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே இருப்பவை இவ்வூர்கள். அங்கே புகுந்த வெள்ளம் மேற்பகுதி ஏரிகளிலிருந்தும் சுற்றியுள்ள நிலங்களிலிருந்தும் வந்தது. அந்த நீரும் கீழே வந்து சேர்ந்தது.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் நீர் கிடைக்கும். ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர், பரப்புள்ள தொழிற்சாலைக் கூரையில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தால் 49 லட்சம் லிட்டர். முன்பு வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தபோது அந்த இடம் மழையின் ஒரு பகுதியை உறிஞ்சியது. வரப்புகள் இன்னொரு பகுதியை நிறுத்தி வைத்தன. தகரக் கூரையும் கான்கிரீட் தரையும் ஏறக்குறைய முழுவதையும் உடனே வெளியேற்றிவிடுகின்றன.

தொழிற்சாலைகள் நம் பகுதிக்கு வேலையும் வருவாயும் தந்துள்ளன. அவை இருக்கத்தான் வேண்டும். அவற்றின் கூரைநீரைத் தேக்கக் குளங்களும், அருகிலுள்ள ஏரிகளுக்குத் தடையற்ற கால்வாய்களும் இருக்க வேண்டும் என்பதே அறிவியல் கூறும் வழி.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு துளை இடுங்கள். ஒன்றில் மண்ணைப் பரப்பிப் புல் பத்தைகளை வையுங்கள். மற்றது வெறுந்தட்டாக இருக்கட்டும். இரண்டையும் துளைப் பக்கமாகச் சற்றே சாய்த்து, பூவாளியால் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் நீரை ஒரே வேகத்தில் தெளியுங்கள். துளை வழியே வரும் நீரைப் பத்து விநாடிக்கு ஒருமுறை அளந்து வரைபடம் போடுங்கள். வெறுந்தட்டின் கோடு செங்குத்தாக ஏறி இறங்கும். புல் தட்டின் கோடு தாமதமாக எழுந்து, தாழ்வாக நீளும். வெள்ளப்பெருக்கை ஆராயும் பொறியாளர்களும் இத்தகைய வரைபடங்களையே பயன்படுத்துகிறார்கள்.

அடுத்து, மழை இல்லாத நாளில் ஆசிரியருடன் உங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். கலங்கல் எங்கே இருக்கிறது? அதிலிருந்து வழியும் நீர் எந்த ஏரிக்குப் போகிறது? வழியில் கால்வாய் அடைபட்டிருக்கிறதா? விடைகளை ஒரு படமாக வரைந்து ஊராட்சி மன்றத்தில் கொடுங்கள். நம் ஊரில் திறக்கும் ஓர் அடைப்பு, முடிச்சூரில் ஒரு வீட்டுக்குள் வெள்ளம் புகாமல் தடுக்க உதவக்கூடும்.