நேர்காணலில் வந்த நான்காவது கேள்வி

அன்னாசியும் செம்பனையும் சூழ்ந்த சிம்பாங் ரெங்கத்திலிருந்து, கறுப்புக் கோட்டைப் பிளாஸ்டிக் பையில் மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு குளுவாங் நீதிமன்றத்துக்குப் பஸ் ஏறும் பெண்ணொருத்தியை நான் அறிவேன். வழக்கறிஞராவதற்கான ஒன்பது மாதச் சேம்பரிங் பயிற்சியை முடித்து அவள் முதன்முதலில் வேலை கேட்டுப் போன அலுவலகத்தில் மூன்று கேள்விகள் சட்டத்தைப் பற்றி வந்தன, நான்காவது, "கல்யாணம் எப்போதம்மா?" என்பது.

2007இல் அம்பிகா சீனிவாசன் மலேசிய வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைமை ஏற்றதையும், 2019இல் தெங்கு மைமூன் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியானதையும் கண்டவர்கள், பெண்கள் இத்தொழிலில் பிரவேசிக்க இனித் தடையில்லை என்று மகிழ்வது நியாயமே. ஆனால் பிரவேசித்த பிறகு, தடை பெரும்பாலும் பிரசவத்தை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது.

அரசியல் சாசனத்தின் 8ஆம் விதியில் 2001இல் பால் பேதத்துக்கு எதிரான பாதுகாப்பும் சேர்ந்ததால், கர்ப்பிணி என்பதற்காகத் தற்காலிக ஆசிரியை உத்தியோகம் மறுக்கப்பட்ட ஒருத்தி, 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் வென்றாள். அவளுக்கு வேலை மறுத்தது அரசாங்கம். தனியார் முதலாளியை அச்சாசன உரிமை கட்டுப்படுத்தாது என்பதே, கர்ப்பத்தால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருத்தியின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கண்ட முடிவு. வழக்கறிஞர் அலுவலகங்களோ தனியாருடையவை!

2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தம் பிரசவ விடுமுறையை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தி, கர்ப்பிணியைப் பணிநீக்கம் செய்வதற்கும் தடை விதித்து, பாரபட்சம் பற்றித் தொழிலாளர் இலாகாவில் முறையிடவும் வழி செய்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் ஊழியருக்கு. வேலை தேடி வந்தவளுக்கும், அலுவலகத்தின் கூட்டாளியாக உயர்ந்துவிட்டவளுக்கும் அல்ல. நான்காவது கேள்விக்கு இச்சட்டத்தில் மருந்தில்லை என்பதே என் குறை.

இருக்கும் நிவாரணத்தையாவது தவறவிடலாகாது. கர்ப்பத்தை வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாமல் எழுத்தில் தெரிவித்து, நகலும் வாட்ஸ்அப் செய்திகளும் பத்திரப்படுத்த வேண்டும். அநியாயமாக நீக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். நாள் கடந்தால் வாய்ப்பும் போயிற்று. பாலியல் தொல்லைக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் தனித் தீர்ப்பாயம் அமைத்திருக்கிறது. அது 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்கலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞர் ஆஜராவதில்லை; பாதிக்கப்பட்டவள் வழக்கறிஞரேயானாலும், தனக்காகத் தானே பேச வேண்டியதுதான்.

அந்தப் பெண், திரும்பும் பஸ்ஸிலேயே, கேள்வியையும் தேதியையும் டைரியில் குறித்துக்கொண்டாள். அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது வேறோர் அலுவலகத்தில் இருக்கிறாள். டைரியும் இருக்கிறது.