மொழிபெயர்த்த வினாவும் மனத்தின் அளவும்



பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்களா ஏரியைக் கோலார் தங்கவயல் மக்கள் நன்கு அறிவர். சுரங்கங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளுக்கும் தண்ணீர் தந்த ஏரி அது. ஏரியில் நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்றறிய அளவுகோல் நடுவது வழக்கம். அந்தக் கோலே சேற்றில் புதைந்துவிட்டால் என்னாகும்? நீர் ஏறாதபோதும் ஏறியதாகவே காட்டும். மனத்தை அளக்கும் கோலுக்கும் இந்த ஆபத்து உண்டு.

காய்ச்சலை அறிய வெப்பமானி இருக்கிறது. மனச்சோர்வுக்கு அத்தகைய கருவி இல்லை. ஆகவே, பேச்சின் வாயிலாக உளச்சிகிச்சை பெறுவோரிடம் வினாத்தாளைக் கொடுத்து, அவர்தம் முன்னேற்றத்தைக் கணிக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளியான பி.எச்.க்யூ.-9 என்னும் தாளில் 9 வினாக்கள் உள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு துன்பமும் எத்தனை நாள் வாட்டியது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. சிகிச்சையின் இடையே 5 எண் குறைந்தால், அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்பர்.

இத்தாள் பிறந்தது ஆங்கிலத்தில். தங்கவயலிலோ தமிழர் ஏராளம். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுவோர் பலர். 1974இல் உருவான நிம்ஹான்ஸ் என்னும் மனநல நிலையமும் அந்நகரிலேயே இருக்கிறது. சுரங்கத் தொழிலாளியாயிருந்த முதியவர் ஒருவர் சிகிச்சைக்குச் செல்வதாகக் கொள்வோம். அவரிடம் எத்தகைய தமிழில் வினவுவது?

மனம் தாழ்ந்திருப்பதாக ஆங்கிலேயர் சொல்வர். நம்மவரோ மனம் பாரமாயிருக்கிறது என்பர், அல்லது நெஞ்சடைப்பதாக உடல்மேல் வைத்துச் சொல்வர். மனம் ஒருமுகப்படுகிறதா என்னும் வினாவுக்குச் செய்தித்தாள் வாசிப்பதும் ஓர் எடுத்துக்காட்டு. எழுத்தறியாத பாட்டி அதற்கு என்ன விடை கூறுவார்? எல்லாவற்றிலும் கடினமானது, சாவைப் பற்றிய வினா. "செத்தால் தேவலை" என்பது நம் வீடுகளில் அலுப்பில் எழும் சொல். அச்சொல்லாலேயே கேட்டால், அலுத்தவரும் ஆம் என்பர். பூசி மெழுகிக் கேட்டாலோ, உண்மையிலேயே உயிரை வெறுத்தவர் கண்ணுக்குத் தப்பிவிடுவார். இங்கே சொற்பிழை உயிர்ப்பிழையாகிவிடும்.

ஆகவே சோதனை வேண்டும். முதலில் இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர். மூலத்தைக் காணாத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இத்துடன் பலர் நின்றுவிடுகின்றனர். ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ்தான், பழுதின்றி ஆங்கிலத்துக்குத் திரும்பும்! ஆங்கிலம் சரியாக மீண்டது என்பதால், தமிழர்க்குப் பொருள் விளங்கிற்று என்று ஆகாதன்றோ? எனவே சாதாரண மக்கள் முப்பது நாற்பது பேரிடம் தாளைப் படித்துக்காட்டி, "இதில் என்ன கேட்கிறார்கள் என்று தங்களுக்குத் தோன்றுகிறது?" என வினவ வேண்டும். தங்கவயல் தமிழில் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்குவதால், சென்னையில் தேறிய தாளையும் இங்கே ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நலம்.

அடுத்து எண்களின் சோதனை. மருத்துவர் நேரில் ஆய்ந்து கண்டதோடு மதிப்பெண் ஒத்துவருகிறதா? சென்னை ஆய்வாளர்கள் அந்த ஒன்பது வினாக்களைப் பன்னிரண்டாக மாற்றியமைத்துச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். அது நோயைக் கண்டறிவதற்கான சோதனை. முன்னேற்றத்தை அளக்க இன்னும் இரண்டு தேவை: நிலை மாறாதவரிடம் சில நாள் கழித்துக் கேட்டால் எண்ணும் மாறாதிருக்க வேண்டும், குணமடைந்தவரிடம் எண் குறைய வேண்டும்.

இன்னும் ஒன்று. "இப்போது தேவலை, ஐயா" என்று மருத்துவருக்கு மரியாதை காட்டுவது நம் பண்பு. சிகிச்சை தருபவரே வினவினால், அம்மரியாதை மதிப்பெண்ணிலும் புகுந்துவிடும். ஆதலின், ஒவ்வொரு முறையும் வேறொருவர், ஒரே விதமாகப் படித்துக்காட்டுவது நன்று.

கோல் உறுதியாக நின்றால்தான் நீர்மட்டம் தெரியும். அந்த முதியவரின் துயர் குறைந்ததா என்பதை அறிய, முதலில் நம் வினா அவருக்குப் புரிந்ததா என்பதை அறிந்துகொள்வோமாக.