வண்டி வாங்குமுன் பெட்ரோல் கணக்கு

கீரைக்கட்டும் காய்கறி மூட்டையும் ஏற்றி முத்தியால்பேட்டைக்கு வரும் சிறு விவசாயிகள், புது வண்டி வாங்கும்போது முதலில் கேட்பது, ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும்?’ என்பதே. கணக்கை அத்துடன் விட்டுவிடலாகாது.

நாளொன்றுக்கு 20 கி.மீ. வீதம் 25 நாட்கள் ஓட்டினால் மாதம் 500 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் வண்டிக்கு 10 லிட்டர் தேவை, 60 கி.மீ. தருவதற்கு 8.3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மாத மிச்சம் சுமார் 167 ரூபாய். இதற்காக 15,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அதை மீட்க ஏழரை ஆண்டுகளாகும். கடன் வட்டி தனி!

மூட்டை ஏற்றுவோருக்கு மொபெட்டே ஏற்றது. 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50-இன் வழிவந்த எக்ஸ்.எல். 100 வண்டியில் இருப்பது 99.7 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். பழைய வண்டியைப்போல் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டுவதில்லை. மாற்றுவதற்குக் கியரும் இல்லை. காலடியில் மூட்டை வைக்க இடமுண்டு. சுமையின்றி நெடுந்தொலைவு செல்வோர் 100 சி.சி. மோட்டார் சைக்கிளை நாடலாம்.

விளம்பரத்தில் காணும் மைலேஜ் மூட்டை ஏற்றிப் பார்த்ததல்ல. அதே வண்டியில் அதே அளவு சுமை ஏற்றும் பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்பதே மேல். வாங்கியபின் வாரம் ஒருமுறை டயரில் காற்றைச் சரிபார்த்து வரவும்.